சீனத் திரையில் ஒரு சாமி

எழுபதுகளின் பிற்பகுதியில் மலாய் நாட்டில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் கடையிலும் தூய தமிழே பேசிப் பிறரை வருத்திய எனக்குச் சீனச் சண்டைப் படங்களின்மீது வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத மோகம் இருந்தது. மோகத்துக்கு ஆராய்ச்சி என்று பெயரிட்டுவிட்டால் எவரும் குறைகூறார் என்பது என் கணிப்பு. ஆகவே தோட்டத்து மன்றத்தில் 'சீனத் திரையில் தமிழர்' என்னும் பொருளில் உரையாற்றுவதாக அறிவித்தேன். சீனத் துறவியர்க்குச் சண்டைக்கலை கற்பித்தவர் காஞ்சியிலிருந்து சென்றவரே என்று எங்கோ படித்திருந்தேன். ஈப்போவில் ஓடிய படத்தின் சுவரொட்டியிலும் கருத்த முகமும் சுருள்தாடியுமாக ஒருவர் காலைத் தூக்கி நின்றார். எனக்கு அது போதும்.

உரைக்கு முந்தின நாள், லாரி ஓட்டும் மைத்துனரை, என் மனைவியின் தம்பியை, அழைத்துக்கொண்டு ஈப்போ சென்றேன். படம் சீன மொழியில். அடியில் மலாய் வரிகள் ஓடின. கருத்த துறவி தோன்றியதும் சீடன் வணங்கினான். கீழே தெளிவாகச் 'சாமி' என்று எழுத்து விழுந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பார்த்தீரா! சாமி என்றே விளிக்கின்றனர். வேறு சான்றும் வேண்டுமோ?"

"உக்காருங்க மச்சான், பின்னால உள்ளவனுங்க கச்சாங் தோல வீசுறானுங்க" என்றார் மைத்துனர், தலையில் விழுந்த கடலைத் தோலைத் தட்டியபடி.

அமர்ந்தேன். அடுத்த காட்சியில் மதுக்குடம் திருடிய மொட்டைத்தலைச் சீனரும் சாமியானார். அவரைத் துரத்தியவர்களும் சாமிகளே. மலாய்மொழியில் துறவி எவராயினும் சாமிதான் என்பது, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழாசிரியனுக்கு அந்த இருட்டில்தான் நினைவுக்கு வந்தது. பிறகு மழையில் ஒரு சண்டை. காஞ்சித் துறவியின் கருமை கழுத்து வழியே ஒழுகிற்று. உள்ளேயிருந்து வெளிர்நிறச் சீனர் ஒருவர் வெளிப்பட்டார்.

"சாமி வெளுத்துப்போச்சுலா மச்சான். நாளைக்கு என்னா பேசப் போறீங்க?"

பின்வாங்க வழியில்லை, தலைமை தாங்கத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரே ஒப்புக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை, ஆள் நம்மவர் அல்லர், சொல் மட்டுமே நம்முடையது என்று நெடுநேரம் வேர்ச்சொல் விளக்கம் அளித்தேன். கிராணியார் கண்மூடிச் சிந்தித்தார், குறட்டையும் விட்டார். பால்மரம் சீவும் அம்மையார் ஒருவர் எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நெசமாவே நம்ம ஆளு யாரும் அந்தப் படத்துல இல்லையா?"

"ஒருவர் இருந்தார், அம்மா. சூதாட்ட விடுதியின் வாயிற்காவலர். தமிழரா என்று உறுதி கூற இயலாது. ஆனால் மழையில் நனைந்தும் கருப்பாகவே இருந்தார். நாயகனின் முதல் உதையிலேயே வீழ்ந்தார்."

"எப்படி விழுந்தாரு?"

"நிலைகுலைந்து, பின்புறமாகச் சரிந்து..."

"வெளங்கலலா சார், செஞ்சு காட்டுங்க!"

மைத்துனர் மேடையேறி, மிகுந்த மரியாதையுடன் என் மார்புக்கு நேரே காலைத் தூக்கினார். கால் என்னைத் தொடவேயில்லை. வேட்டி தடுக்கி உண்மையாகவே மல்லாந்து விழுந்தேன்.

தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள். கிராணியார் விழித்துக்கொண்டு, தாம் பார்க்கவில்லையே என்று வருந்தினார். "இன்னொரு தடவை சார்!" என்றார் அந்த அம்மையார்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படத்தில் அக்காவலருக்கு அளித்ததைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் எடுத்து, மறுபடியும் விழுந்தேன்.