கிண்ணம் கை மாறிய நாள்

எங்கள் ஊரில் அடித்துக்கொள்கிறவர்கள் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரீத்தாவிடம்தான் போவார்கள். காவல் நிலையத்தில் சோறு கிடைக்காது என்பதும் ஒரு காரணம். அவள் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். மரவள்ளி இலைக் குழம்பும் பனம்பழக் குழம்பும் அவள் கைக்குத் தனியாக மணக்கும். தகராறோடு வருகிறவன் முன்னால் முதலில் தட்டு வரும்.

"மொதல்ல தின்னு. தின்னுட்டுக் கத்து" என்பாள்.

லைபீரியாவில் சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் பெண்கள் சேர்ந்து ஒரு கூரைக் குடில் கட்டினார்கள். சமாதானக் குடில் என்று பெயர். அதற்குத் தலைவி ஒரீத்தா. ஆட்டுத் தகராறு, பெண்டாட்டித் தகராறு எல்லாம் அங்கே தீரும். எல்லைத் தகராறு மட்டும் பதினேழு தீர்த்திருக்கிறாள். நான் சாயே, தையல்காரன். என் மெஷின் அவள் கடைத் தகரத்தின் கீழேதான் இருந்தது, அதனால் ஒன்று விடாமல் என் காதில் விழுந்திருக்கிறது.

ஆனால் குடிலுக்கு வராத தகராறு ஒன்று இருந்தது. அது அவள் கடை இருந்த மனை.

அகதி முகாமிலிருந்து அவள் திரும்பியபோது அந்த இடத்தில் எரிந்த சுவர்தான் நின்றது. சும்மா கிடக்கிறதே, உட்கார் என்று நாங்கள்தான் சொன்னோம். அது டோன்சோ குடும்பத்தின் வீடு. மண்டிங்கோ இனத்துக்காரர்கள், வியாபாரிகள். சண்டையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து நாடான கினிக்கு ஓடியவர்கள். எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போல இருக்கவும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு மகன் லன்சானா திரும்பி வந்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து மோட்டார் பைக் உதிரிச் சாமான்கள் விற்றான். மனைப் பத்திரம் அவனிடம் இருந்தது. நீதிமன்றத்துக்கும் போகவில்லை, குடிலுக்கும் வரவில்லை. குடிலுக்கு வந்து யாரிடம் சொல்வான்? தலைவியே அவள்தானே! ஒரு தடவையாவது சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். வாயே திறக்காத மனிதன் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

அமைதி காக்க வந்திருந்த ஐ.நா.வின் நீலத்தொப்பிச் சிப்பாய்கள் நாட்டை விட்டுப் போன மறு வருஷம், மே மாதக் கடைசியில், அமைதி காத்தவர்களைக் கௌரவிக்கும் நாளை எங்கள் ஊரிலும் கொண்டாடினார்கள். இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற கானா நாட்டு மேஜர் ஒருவர் வந்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சிப்பாய்கள் போன பிறகும் அமைதியைக் காப்பவர் என்று ஒரீத்தாவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தருவதாக ஏற்பாடு. பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அத்தனையும் என் தையல்.

விழாவைக் குடிலில்தான் ஆரம்பித்தார்கள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஓலைக்கூரை ஒழுகி மேஜரின் தொப்பியிலேயே சொட்டியது. வேறு வழியில்லாமல் கூட்டம் மொத்தமும் ஓடிவந்து ஒரீத்தாவின் தகரத்துக்குள் புகுந்தது. இமாமுடன் வந்திருந்த லன்சானா மட்டும் தாழ்வாரத்தின் விளிம்பில், முதுகு நனைய நின்றான். அந்தக் கடைக்குள் அவன் அதுவரை கால் வைத்ததில்லை.

இடம் மாறியதால் விருந்தாளிக்கு மறுபடியும் கசக்கும் கோலாக் கொட்டை கொடுக்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. இடத்துக்குச் சொந்தக்காரர் கொடுப்பார், வந்தவர் வாங்கிக் கடிப்பார். ஒரீத்தா கிண்ணத்தில் கோலாவும் மிளகாயும் வைத்து எடுத்து வந்தாள்.

மேஜர் மரியாதை தெரிந்தவர். சும்மா வாங்கிக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. இது யாரு வீடு? நீங்கதானே வீட்டுக்காரங்க?"

ஆமாம் என்றால் முடிந்தது. எங்களில் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டோம். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்: கொடு, கொடு.

அவள் மேஜரைத் தாண்டி நடந்தாள். லன்சானாவின் முன்னால் போய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"நீ குடு, தம்பி."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "விளையாடாதீங்கம்மா. குடுத்துட்டா அப்புறம் திருப்பி வாங்க முடியாது."

"தெரியும். கை வலிக்குது, வாங்கு."

மாவட்ட அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார். ஒரீத்தா திரும்பினாள். இருபது பேர் கத்தும்போதும் உயராத குரல் அன்று உயர்ந்தது.

"அந்த சோல்ஜருங்க பதினஞ்சு வருஷம் வெயில்லயும் மழையிலயும் நின்னாங்க. யாரும் யாரையும் அடிக்காம பாத்துக்கிட்டாங்க. அவங்க நல்லா இருக்கணும். ஆனா என்னை யாரும் அடிக்கலன்னுதான் நான் இன்னொருத்தர் எடத்துல நிம்மதியா சோறு பொங்கினேன். இதை மறைச்சுட்டு அந்தக் காகிதத்தை எந்தக் கையால வாங்குறது?"

லன்சானா கிண்ணத்தை வாங்கினான். கோலாவைப் பிளந்து முதலில் மேஜருக்குக் கொடுத்தான், பிறகு மாவட்ட அம்மாவுக்கு, பிறகு எங்கள் எல்லாருக்கும். எத்தனை தலைமுறை இங்கேயே பிறந்தாலும் மண்டிங்கோக்காரர்களை 'வந்தவங்க' என்றுதான் சொல்வோம். அன்று அவன் வீட்டுக்காரன், நாங்கள் வந்தவர்கள். எனக்குக் கசந்தது, கோலாவால் மட்டுமல்ல. கடைசித் துண்டை ஒரீத்தாவிடம் நீட்டினான்.

"எங்கப்பா வீட்டுக்கு வந்திருக்கீங்க. எடுத்துக்கோங்கம்மா."

அவள் வாங்கி மென்றாள். பாராட்டுப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பட்டம் வாங்கின அன்னிக்கே கடையத் தூக்கிக் குடுத்த ஒரே ஆளு நீதான். என் மெஷினை எங்க கொண்டுபோய் வைப்பேன்? உன் தலையிலயா?"

"லாரி நிக்கிற எடத்துல ரெண்டு தகரம் போடலாம்டா சாயே. உனக்கும் சேர்த்துத்தான்."

ஊரில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். நம்ம ஆளுங்களை விற்றுவிட்டாள் என்றார்கள். அதைச் சொன்னவர்களில் நாலு பேர் அவளிடம் எல்லைத் தகராறு தீர்த்துக்கொண்டவர்கள்.

இரண்டு நாள் கழித்து லன்சானா வந்தான். எப்போது காலி செய்ய வேண்டும் என்று அவளே கேட்டாள்.

"அவசரமே இல்லம்மா. மழைக்காலம் முடியட்டும். அடுப்பை மட்டும் மொதல்ல எடுத்துருங்க."

"அடுப்பையா? ஏன்?"

அவன் அடுப்பைப் பார்க்காமல் சொன்னான். "அப்பா தப்பி வரல. அந்த அடுப்புக்குக் கீழதான் இருக்காரு. பொதைச்சவரு கினிக்கு வந்து எங்கம்மாகிட்ட எடத்தைச் சொல்லிட்டுப் போனாரு."

ஒரீத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பதினஞ்சு வருஷம்" என்றாள். "பதினஞ்சு வருஷமா நெருப்பு மூட்டியிருக்கேனே! பாவி, வந்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? அன்னிக்கே எடுத்திருப்பேனே!"

"சொன்னா, யாரு கொன்னாங்கன்னு கேப்பாங்க. எனக்கு ஆளு தெரியும்மா. உங்க கடையிலதான் சாப்பிடுறான். பேரைச் சொன்னா மறுபடியும் நீலத்தொப்பிதான் வரணும்."

யார் அவன் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். ஒரீத்தா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அன்றைக்கே அடுப்புக் கல் மூன்றையும் தூக்கி லாரி நிறுத்தத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மதியம் பேச்சை நிறுத்தியவர்கள்கூடப் பசிக்கு வந்து வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே அளவுதான் போட்டாள். அன்று முழுக்கத் தலையைக் குனிந்தபடியே பரிமாறினாள், ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.