வாத்துக்காரி கெனெண்டலின் விளக்கு ஜெபம்

கொலிவ்கா சந்தையில் கெனெண்டல் வாத்து விற்றாள். அவளுக்கு அடுத்த இடத்தில் நான் வெங்காயம் விற்றேன். என் இடது காது மந்தமானதற்கு அவள் குரல்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி உண்மை. அவள் "கொழுத்த வாத்து!" என்று ஒரு தடவை கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவள் புருஷன் நுக்கிம் தையல்காரன், பேசவே மாட்டான். "எங்க வீட்டுக்கு ஒரு வாய் போதும்னு ஆண்டவன் கணக்குப் போட்டுட்டான்" என்பாள் கெனெண்டல்.

அப்படிப்பட்டவள் எங்கள் ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு முன்சொல்லி ஆனது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல.

எங்கள் பெண்கள் பகுதி தனி அறை. நடுவில் தடித்த சுவர், அதில் கை அகலத்துக்கு நாலு சந்து. அந்தப் பக்கம் ஆண்கள் புனித மொழியில் ஜெபிப்பார்கள். இந்தப் பக்கம் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மொழி புரியாது. அதனால் ஒருத்தி சந்தருகே நின்று உள்ளே நடப்பதைக் கேட்டு, எங்கள் வீட்டு மொழியில் எடுத்துச் சொல்வாள். நாங்கள் பின்னால் சொல்வோம். அழ வேண்டிய இடத்தில் அழுவோம். ஸ்ப்ரின்ஸா என்ற அம்மாள் வெகுகாலம் இதைச் செய்துவந்தாள். அவள் மகன் வீட்டோடு போய்விட்ட பிறகு எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பஸ்கா பண்டிகையில், பயிருக்குப் பனித்துளி வேண்டி ஆண்கள் சந்தோஷமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் ஏதோ செத்தவர்களுக்கான ஜெபம் என்று நினைத்து ஒட்டுமொத்தமாக ஒப்பாரி வைத்தோம். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கெனெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த சபாத் ஓய்வுநாளில் தானே சந்தருகே போய் நின்றாள். கொஞ்சம் படிக்கத் தெரியும், காது கூர்மை. "இப்போ தோரா வேதச் சுருளை எடுக்கறாங்க, எழுந்திருங்கடி!" என்று அவள் சொன்னதும் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள் சிலரும் எழுந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஆலய நிர்வாகி மெக்கேலின் பெண்டாட்டி தோப்ரிஷுக்கு இது பொறுக்கவில்லை. அவள் முன் இருக்கைக்காரி.

"ஏன்டி, ஜெபம் சொல்றியா, வாத்து ஏலம் போடறியா?"

"உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க."

"புரிஞ்சுது. போலந்துக்கே புரிஞ்சிருக்கும்."

"அப்போ ஆண்டவனுக்கும் கேட்டிருக்கும். உக்காருங்க."

அந்தக் காலத்தில் சபாத் விளக்குக்கு வரி இருந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்கு முன் ஒவ்வொரு பெண்ணும் ஏற்றுகிறாளே, அந்த மெழுகுவர்த்திக்கு, வியன்னாவில் இருக்கிற மாமன்னருக்குக் கட்ட வேண்டும். வீட்டில் ரொட்டி இருக்கிறதோ இல்லையோ, முதலில் வரி. வசூலைக் குத்தகை எடுத்தவன் எங்கள் யூத ஆள்தான். அதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல்.

எங்கள் தெருவில் ஹெனியா என்று ஒரு விதவை. இறகு பிரித்துப் பிழைப்பவள், கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். குளிர்காலத்தில் ஒரு வாரம் அவளால் கட்ட முடியவில்லை. ஆனாலும் விளக்கு ஏற்றிவிட்டாள். ஏற்றிக் கண்ணை மூடி ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது குத்தகைக்காரனின் ஆள் வாசலில் வந்து நின்றான். சபாத் நுழைந்துவிட்டால் யூதன் தீயைத் தொடக் கூடாது; அதனால் அவன் தொடவில்லை, அவ்வளவு பக்தி! கூட வந்த யூதனல்லாத சிப்பாயைப் பார்த்துக் கண் காட்டினான். சிப்பாய் இரண்டு விரலால் இரண்டு சுடரையும் நசுக்கிவிட்டுப் போனான். ஹெனியா கண் திறந்தபோது வீடு இருட்டாக இருந்தது.

மறுநாள் காலை பெண்கள் பகுதியில் அவள் விம்மினாள். பெரிய அழுகை இல்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "நான் விளக்கேத்தினதா கணக்கா, ஏத்தாததா கணக்கா? அத மட்டும் யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டாள். தோப்ரிஷ் தன் ஜெபப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். மழைக்கு ஜெபம் இருந்தது, பயணத்துக்கு இருந்தது, கெட்ட கனவுக்கு இருந்தது. இதற்கு இல்லை.

கெனெண்டல் சந்தருகிலிருந்து வந்து ஹெனியாவின் முன்னால் நின்றாள். அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்படிச் சொன்னாள்:

"உலகத்தின் ஆண்டவனே, மாமன்னரின் ஆள் என் விளக்கை எண்ணிவிட்டுப் போகிறான், நீ எண்ணாதே. ஏற்ற முடிந்த வாரம் என் சுடரை வாங்கிக்கொள். ஏற்ற முடியாத வாரம் என் இருட்டை வாங்கிக்கொள். அதையும் உனக்காகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்."

ஹெனியா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். கெனெண்டல் சொன்னாள். மூன்றாவது தடவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். சுவரில் யாரோ கட்டையால் தட்டினார்கள், நிறுத்துங்கள் என்று. நாங்கள் நிறுத்தவில்லை. தோப்ரிஷும் சொன்னாள், நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கேல் எங்கள் மத குருவான ரபியிடம் முறையிடப் போய்விட்டார். ரபி கெனெண்டலைக் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போக அவளுக்குப் பயம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"ரபி, ஜெபங்களை ஞானிகள் வகுத்து வச்சிருக்காங்க" என்றார் மெக்கேல். "எத்தனை தலைமுறை! எழுத்து கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இவ சந்தையிலேருந்து வந்து புதுசா ஒண்ணு சேர்க்கறா."

எங்கள் ரபி வயதானவர், பல் போனவர், எப்போதும் தேநீரில் சர்க்கரைக் கட்டியை ஊறவைத்துக்கொண்டிருப்பார். "மெக்கேல், பாவமன்னிப்பு நாள் யோம் கிப்பூர் அன்னிக்கு ஜெபப் புத்தகத்துல எந்தப் பக்கம் வந்தா நீ தேம்பித் தேம்பி அழுவே?"

மெக்கேல் சொன்னார்.

"அது ரைன் நதிக்கரையில ஒருத்தன் எழுதினது. சிலுவைப்போர்க்காரங்க அவன் ஊரை வெட்டிப் போட்டப்புறம் எழுதினான். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் கிடையாது. அவன் ஞானிங்ககிட்ட அனுமதி கேட்டுக்கிட்டா அழுதான்?" ரபி தேநீரை உறிஞ்சினார். "நம்ம பழைய பெரிய ஆலயம் நின்ன காலத்துல ஆடும் மாடும் பலி குடுத்தோம். அது எரிஞ்சு போச்சு. பலிபீடமே இல்லையேன்னு நம்ம முன்னோர் கையப் பிசைஞ்சு நின்னாங்க. அப்புறம் மாடு நின்ன இடத்துல வார்த்தையை நிறுத்தினாங்க. அந்த வார்த்தையை எப்படிச் சொல்லணும், எப்படி நிக்கணும், உதட்டை எப்படி அசைக்கணும்னு யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க? வேதத்துல வர்றாளே, பிள்ளையில்லாம ஆலயத்துல வந்து அழுத ஒரு பொம்பள, அவளைப் பார்த்து. இது உனக்கும் தெரியும்."

"அந்தப் பொம்பள உதட்டை மட்டும்தானே அசைச்சா, அவ குரல் வெளியில கேக்கலையே, ரபி!" என்றார் மெக்கேல். அவரும் படித்தவர், சும்மா விடுவாரா.

ரபி சிரித்துவிட்டார். "அது சரியான கேள்வி. கெனெண்டல், ஜெபம் இருக்கட்டும். ஆண்களுக்குக் கேக்காத மாதிரி சத்தத்தை மட்டும் குறைச்சுக்கோம்மா."

"குறைச்சுட்டேன் ரபி" என்றாள் கெனெண்டல். "நேத்து கேட்டது குறைச்சதுதான்."

கடைசியில் சுவர்ச் சந்துகளுக்கு மரக் கதவு போடுவது என்று முடிவாயிற்று. தேவையானபோது திறந்து கேட்கலாம், நாங்கள் பேசும்போது மூடிக்கொள்ளலாம். போட்டது மெக்கேல். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் நாங்கள் ராணிகள். கெனெண்டல் பிரசவத்துக்கு ஒன்று சொன்னாள், பட்டாளத்துக்குப் பிடித்துப் போன பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னாள். ஆனாலும் விளக்கு ஜெபம்தான் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டிக்கொடுத்த பெண்கள் அதைச் சீதனம் போல எடுத்துக்கொண்டு போனார்கள்.

சில வருடம் கழித்து, ஹனுக்கா பண்டிகை நெருங்கும் சமயம், நானும் அவளும் ஒரு வண்டி வாத்தோடு லெம்பெர்க் பட்டணம் போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது. தங்கின விடுதியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தோம். விடுதிக்காரி விளக்கேற்றிவிட்டு, மெல்லிய ஒரு அச்சுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாள்: "உலகத்தின் ஆண்டவனே, ஏற்ற முடிந்த வாரம் என் சுடரை வாங்கிக்கொள்..."

கெனெண்டல் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"...மாமன்னருக்கு நீண்ட ஆயுளைக் கொடு. ஆமென்."

"என்னது!" என்றாள் கெனெண்டல்.

விடுதிக்காரி பயந்து போனாள். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தோம். 'பிராகா நகரத்து மகா பக்தையான ரபியின் மனைவி அருளியது' என்று போட்டிருந்தது.

"பிராகா எங்கடி இருக்கு?" என்றாள் கெனெண்டல் என்னிடம்.

"தெரியாது."

"அந்தம்மாவுக்கும் கொலிவ்கா எங்க இருக்குன்னு தெரியாது. எப்படிச் சொன்னா இதை?"

ஞாயிற்றுக்கிழமை காலை விசாரித்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனோம். வாசல் அறையிலேயே விற்பனையும் நடந்தது. ஏழெட்டுப் பெண்கள் நின்று புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சுக்காரன் ஸண்டர் மெலிந்த ஆள், விரலெல்லாம் மை.

"இந்த ஜெபம் என்னோடது" என்றாள் கெனெண்டல்.

"அம்மா, ஜெபத்துக்குச் சொந்தக்காரங்க கிடையாது. ஊர் ஊராப் போற புத்தகக்காரன் கொண்டுவந்து சொன்னான். நல்லாயிருந்தது, போட்டேன்."

"போட்டதுக்குக் கோவமில்ல. நாலு பொம்பளைங்க படிக்கட்டும். ஆனா குடலைப் பிடுங்கிட்டு வெறும் தோலை விக்கறீங்களே! மாமன்னரோட ஆள் எங்க? இருட்டு எங்க?"

ஸண்டர் குரலைத் தாழ்த்தினான். "தணிக்கை அதிகாரின்னு ஒருத்தர் இருக்கார். மாமன்னரோட ஆள்னு எழுதினா என் அச்சையே பூட்டிடுவார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அதுக்கு என் வாயால மாமன்னருக்கு ஆயுசா?"

"அது ஒரு பாதுகாப்புக்கு."

பெண்கள் புத்தகத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருத்தி கேட்டாள்: "அது என்னம்மா, ஜெபத்துலேருந்து எடுத்துட்ட வரி?"

கெனெண்டல் சொன்னாள். சந்தைக் குரலில் இல்லை, ஹெனியாவிடம் சொன்ன குரலில். முழுசாக. இருட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன் என்ற இடத்தில் ஒரு கிழவி கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் புத்தகம் வைத்திருந்தவள் அதை அலமாரியில் திருப்பி வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஸண்டர் அதைக் கவனித்தான்.

"சரி, சரி" என்றான். "எழுதலாம். ஆனா மாமன்னர் வரக் கூடாது."

கெனெண்டல் யோசித்தாள். "'எண்ணுகிறவன் எண்ணிவிட்டுப் போகிறான், நீ எண்ணாதே.' இதுல மாமன்னர் எங்க இருக்கார்?"

"எண்ணுறவன் யாருன்னு தணிக்கைக்காரர் கேட்டா?"

"ரொட்டித் துண்டைக்கூட எண்ணி வைக்கிற என் மாமனார்னு சொல்லுங்க."

கடை குலுங்கியது. ஸண்டரே மை விரலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா பேரு... வாத்துக்காரி சொன்னதுன்னு போட்டா யாரு வாங்குவா?"

"நான் வாங்குவேன்" என்றாள் கிழவி. "பிராகா அம்மாவுக்கு விளக்கு அணைஞ்சா வேலைக்காரி ஏத்துவா. இவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு." மற்றவர்களும் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள்.

வசந்தத்தில் புதுப் பதிப்பு எங்கள் ஊருக்கு வந்தது. 'கொலிவ்கா ஊர், ஆரோன் மகள், வாத்து விற்கும் கெனெண்டல்.' தணிக்கை அதிகாரி படித்துவிட்டு, தன் வீட்டிலும் அப்படி ஒரு மாமனார் உண்டு என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தாராம். ஸண்டர் சொல்லியனுப்பினான். உண்மையோ பொய்யோ. பேசாத நுக்கிம் அந்தப் பக்கத்தைச் சந்தையில் கடை கடையாகக் காட்டிக்கொண்டு போனான். "என் பெண்டாட்டி" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய பிரசங்கம்.

தோப்ரிஷ் இரண்டு பிரதி வாங்கினாள். ஒன்றைத் தன் மருமகளுக்குக் கொடுத்து, "இவளை எனக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும்" என்றாள். தெரியும்தான்.

பிறகு கெனெண்டல் வெகுகாலம் சந்தருகே நின்றாள். ப்ரோடி பட்டணத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற பெண்கள் தங்கள் ஊரில் அந்த ஜெபத்தைச் சொல்வதாகச் சொன்னார்கள். சில ஊரில் வார்த்தை மாறியிருந்தது. ஒரு ஊரில் எண்ணுகிறவன் என்றால் நோயில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போகிற மரண தூதன் என்று அர்த்தம் சொன்னார்களாம். நான் கோபித்தேன். கெனெண்டல், "சொல்லட்டும்டி, அவங்க வீட்டுல அவன்தானே வந்தான்" என்றாள்.

வியன்னாவில் கலவரம் நடந்த வருடம் விளக்கு வரியை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும், பிள்ளைக்கு ஒன்று, பேரப்பிள்ளைக்கு ஒன்று என்று, மேசை கொள்ளாமல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தோம். ஹெனியா கிழவியாகியிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்று நாங்கள் எல்லோரும் உரக்க அந்த ஜெபத்தைச் சொன்னோம். ஆண்கள் ஆலயத்துக்குப் போகிற வழியில் நின்று கேட்டார்கள். யாரும் தட்டவில்லை.

முடிந்ததும் நான் கெனெண்டலிடம் சொன்னேன்: "இனிமே ஜெபத்துல அந்த எண்ணுறவன் வர்ற வரி வேண்டாமே. அவன்தான் போயிட்டானே."

அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "அவன் வரி போச்சு ட்ரைனா" என்றாள். "என் வரி நிக்குது பார்த்தியா!"