மத்தியானம் இரண்டு நாற்பது

இதைக் கதை என்று நினைத்து யாரும் படிக்காதீர்கள். நடந்தது எனக்கு. ஆவடி சேக்காட்டில், இரண்டாவது மாடியில், நாங்கள் வாடகைக்கு வந்த நான்காவது மாதம். ராத்திரிகூட இல்லை... பட்டப்பகல்.

மகனும் மருமகள் தீபிகாவும் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள் அறைக் கட்டிலில் கொஞ்சம் சாய்வேன். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் சரியாக 2.40க்கு விழிப்பு வரும். கண் மட்டும் திறக்கும். கை, கால், நாக்கு... எதுவும் அசையாது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்தமாதிரி பாரம். வாரத்துக்கு ஒருநாள் என்றிருந்தது, தினமும் ஆயிற்று.

"மூள முழிச்சிக்குது, ஒடம்பு முழிக்கல. அவ்ளோதாம்மா" என்றார் டாக்டர். சரி. ஆனால் அந்த நேரத்தில் தைல வாசனை வருகிறதே? எங்கள் வீட்டில் யாரும் தைலம் தடவுவதில்லை.

எதிர்வீட்டு பேபி கைவைத்தியம் தெரிந்தவள்.

"யக்கா, உன்ன அமுக்குவான் பேய் புட்சிகீது. அதுக்கு அமுக்கராதான் மருந்து."

"இன்னாடி, பேர் பொருத்தம் பாத்தா மருந்து குடுக்குற?"

"துன்னுட்டு அப்பால பேசு."

அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து குடித்தேன். கசகசா அரைத்துக் குடித்தேன். தலையணைக்கடியில் வசம்பு வைத்தேன். ஒருக்களித்துத்தான் படுப்பேன். விழிக்கும்போது மல்லாந்து கிடப்பேன். கால் இரண்டையும் யாரோ நேராகச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

பேபி கடைசியாக ஒன்று சொன்னாள். "கால் கட்டவெரல மட்டும் ஆட்டிப் பாரு. அது ஆடுச்சின்னா மொத்தமும் வுட்ரும். நாக்கு வந்தவொடனே 'போ'ன்னு ஒரே வார்த்த. வேற எதுவும் பேசாத."

அன்று வியாழக்கிழமை.

2.40. விழித்தேன். மின்விசிறி சுற்றுகிறது. காற்று வரவில்லை.

தைல வாசனை.

பாரம் காலில் ஏறியது. வயிற்றில் ஏறியது. நெஞ்சில் உட்கார்ந்தது. காதருகே மூச்சு... கர்ர்... கர்ர்...

கட்டைவிரலை நினைத்தேன். ஆடு... ஆடு...

2.43. ஆடியது.

பாரம் எழுந்தது. கட்டில் முனகியது. தரையில் மெட்டிச் சத்தம். டிக்... டிக்... வாசல்வரை போனது.

நின்றது.

எனக்கு நாக்கு வந்துவிட்டது. ஆனால் அறுபத்தெட்டு வயதில், வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்து ஒருநாளும் 'போ' என்று சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போய்ட்டு வா."

வாசலிலிருந்து குரல்.

"ம்... வரேன்."

அதற்குப் பிறகு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கட்டைவிரலும் ஆடுவதில்லை. நேற்று பயந்துபோய் நான் படுக்கவே இல்லை. சமையலறையில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். 2.40. ஈரக்கை அப்படியே நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறது. கண் விழித்தபடி நிற்கிறேன். முதுகுப் பக்கம் டிக்... டிக்...

உடம்பு அசைய ஆரம்பித்ததும் பேபி வீட்டுக்கு ஓடினேன். வாய் தவறிச் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"நீ பயந்துக்குவேன்னு சொல்லாம வுட்டேன்க்கா. ஒனக்கு முன்னாடி அந்த ஊட்ல இருந்தவங்க மாமியாரு, அங்கம்மா. மூச்சு எளப்பு, எந்நேரமும் நெஞ்சுல தைலந்தான். ஆம்புலன்ஸ்ல ஏத்த தூக்கினு போச்சொல்ல, வாசக்கால கெட்டியா புட்சிகினு கெஞ்சிச்சி. 'போய்ட்டு வான்னு ஒருத்தராச்சும் சொல்லுங்கடா'ன்னு. புள்ள, மருமவ... ஒருத்தரும் வாயத் தொறக்கல. கீழ எறங்கறதுக்குள்ள உசுரு பூட்ச்சி."

எதிரே எங்கள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீதான்க்கா மொத மொத சொல்லிகீற."