நூற்றியோராம் பக்கம்

மெரின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல படிப்பாளி, இல்லையென்று சொல்லவில்லை. பிரெஞ்சில் எழுதப்பட்ட ஆப்பிரிக்க நாவல்களில் குற்ற உணர்ச்சி மனிதர்களை என்ன பாடுபடுத்துகிறது என்று ஏழு வருடம் ஆராய்ந்தாள். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜன்னலோர மேசை அவளுடையது. அங்கே குமாஸ்தாவாக இருக்கிற சகாயநாதன் நான்.

மூன்று வருடம் முன்பு ஒரு செனகல் நாவலில் எட்டுத் தாள்களை யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியைக் காகிதத்தால் துடைக்கிற ஆயம்மா மேல், அதற்காகத்தான் அறுத்தாள் என்று புகார் போனது. பெருக்குகிறவள்தானே, ஒருவரும் விசாரிக்கவில்லை. வேலை போயிற்று. "ஐயோ பாவம் ஆயம்மா" என்று மெரின் என்னிடம் வந்து உச்சுக் கொட்டினாள்.

போன மாதம் அவளுடைய வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். அந்தச் செனகல் நாவலின் நாயகன், தன் குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்போது வாயே திறப்பதில்லை. "அவன் கோழை இல்ல. உள்ளுக்குள்ளயே ரெண்டாப் பிளந்து போனவன். பாவம்!" என்று உருகினாள். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து உயர்த்தி வாசித்தாள். தாளின் ஓரத்தில் ஊதா முத்திரை.

எந்தப் புத்தகம் வந்தாலும் நூற்றியோராம் பக்கத்தில் ரகசியமாக ஒரு முத்திரை குத்துவது எங்கள் வழக்கம். அது நூலகத்து ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் குத்தியவன் நான்.

கோபத்தோடு எழுந்தேன். "மேடம், அவன் பாவமா, அவன் செஞ்சது பாவமா? உங்க கையில இருக்கிறது எங்க புக்குல அறுத்த தாளுதானே?"

அவள் முகம் வெளிறிப்போனது. வைவாவை நடத்திய பேராசிரியர் கோவிந்தசாமி, "தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. உக்காருங்க" என்றார். கைதட்டிப் பட்டமும் கொடுத்துவிட்டார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

அந்தக் கொதிப்போடு சேதராப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆயம்மா இப்போது அங்கே ஒரு கம்பெனியில் பெருக்குகிறாள். கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொல்லி, மெரினைத் திட்டித் தீர்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அறுத்தது அந்தப் பொண்ணு, சரி. எம் பேரை எழுதிக் குடுத்தது யாரு சார்?"

"பிரின்சிபால் ஒரு பேரு கேட்டாரு ஆயம்மா. என்ன பண்ணச் சொல்ற?"

"நான் பழைய நியூஸ்பேப்பர்லதான் துடைப்பேன். தெனம் நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? அது தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். எழுதும்போதே தெரியும்.