பாய்லருக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அந்த அரிசி மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்க என் காது சிவந்துதான் இருந்திருக்கும். பாய்லர் சூட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

நெல் அவிக்க நீராவி வேண்டும். அதற்குப் பாய்லர். அதில் உமி போட்டு எரிப்பவன் பரீட்சை எழுதிச் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் வாங்கியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி என் ஒரிஜினலை வாங்கி, பிரேம் போட்டு, பாய்லர் ரூம் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கீரனூரில் என் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சுவரில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் நிஜமாக உமி தள்ளியது என் மச்சினன், மனைவியின் தம்பி. மில் கணக்கில் அவன் மூட்டை தூக்கும் லோடுமேன்.

அவனுக்கும் பரீட்சை எழுத ஆசை. எழுத வேண்டுமானால், பாய்லரில் வேலை பார்த்த அனுபவம் உண்டு என்று முதலாளி எழுதித் தர வேண்டும். இருவருமாகப் போய்க் கேட்டோம்.

"ரிக்கார்டுல அவன் லோடுமேன். இப்ப மாத்தி எழுதுனா, இத்தன வருசமா சர்ட்டிபிகேட் இல்லாதவனத்தான் நிக்க வச்சியான்னு என்னையில்ல கேப்பாங்க?" என்றார் முதலாளி. "மொதல்ல அவன் பாஸ் பண்ணட்டும். அப்பறம் பாய்லர் ஆளுன்னே எழுதிருவோம்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். மச்சினன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போலப் பாய்லரை அணைத்து, கழுவி, வாழைக்கன்று கட்டினார்கள். பொட்டு வைத்தது முதலாளியம்மா. பாய்லரின் முகத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அவற்றில்தான் தெரியும். பார்த்தால் இரண்டு கண்கள் மாதிரி இருக்கும். அந்த அம்மா இரண்டிலும் சந்தனத்தைக் குழைத்து மேலிருந்து கீழ்வரை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். பூஜை முடிந்து எல்லோரும் பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் துடைத்துவிட்டுத்தான் தீ மூட்டுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மறுநாள் விஜயதசமி. என் பஸ் வந்து சேருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடுமாம். "நீயே பத்த வையிப்பா" என்று மச்சினனிடம் சொல்லியிருக்கிறார் முதலாளி. அவனும் பற்ற வைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பாய்லர் ரூம் முழுக்க ஆவி. தண்ணீர் குறைந்து, பாதுகாப்புக்கு வைத்திருந்த ஈயப் பிளக் சூட்டில் உருகி, ஆவி அடுப்புக்குள் பீய்ச்சியடித்துத் தீயை அணைத்திருந்தது. அடுப்பு வாய்க்கு நேரே நின்ற மச்சினனின் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. ஈயம் உருகாமல் இருந்திருந்தால் அந்த ரூமே இருந்திருக்காது, அவனும் இருந்திருக்க மாட்டான்.

"கண்ணாடியப் பாக்கலையாடா மாப்ள?"

"சந்தனம் காஞ்சு கெடந்துச்சு மச்சான். மொதலாளியம்மா கையால வச்சதாச்சே. அதப் போயி நான் எப்பிடி அழிக்கிறது?"

கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் முதலாளி வீட்டம்மா வைத்த பொட்டை முதலாளி கண்ணெதிரே துடைத்துப்போட ஒரு தைரியம் வேண்டும். அதை என் வாய்ச்சொல்லால் கொடுக்க முடியாது. "துடைக்காமல் பற்ற வைக்க மாட்டேன், செய்வதைச் செய்துகொள்ளுங்கள்" என்று நான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு வேறு மில்லில் போய் வேலை கேட்கச் சர்ட்டிபிகேட் இருக்கிறது என்ற திமிர் எனக்கு உண்டு. அவனுக்குக் கிடைக்க வேண்டியிருந்தது அந்தத் திமிர்தான். அதைத்தான் முதலாளி எழுதித் தராத ஒரு கடிதத்தில் அடைத்து வைத்திருந்தார்.

"சாமிதான் காப்பாத்துச்சு" என்றார் முதலாளி. சாமி இல்லை, ஈயம் என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

விசாரிக்கத் திருச்சியிலிருந்து பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் இருந்த பிரேமைக் காட்டி, சம்பவத்தன்று பாய்லரை எரித்தது இந்தச் சர்ட்டிபிகேட்காரன்தான் என்று முதலாளி கூசாமல் என்னைக் கைகாட்டினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"இல்ல சார். எரிச்சது இவன். வருசக்கணக்கா மதியத்துக்கு மேல எரிக்கிறதும் இவன்தான். எழுதிக்கங்க. இவன் பாய்லர்ல வேல பாத்தவன்னு எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று அவன் சொன்னால் போதும்.

"நீங்க இங்க என்ன வேல பாக்குறீங்க?"

"லோடுமேனுங்க."

"கையில என்ன கட்டு?"

அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. "வீட்டுல கஞ்சி கொட்டிருச்சுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவனை அடிக்க மனம் வரவில்லை, மற்றவர்களை அடிக்க வழியில்லை. நான் கணக்கை முடித்துக்கொண்டு, பிரேமிலிருந்து என் சர்ட்டிபிகேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். புதுப் பிளக் போட்டதும், முதலாளி வேறு யாருடையதையோ வாங்கி அதே பிரேமில் மாட்டிவிட்டாராம். உமி தள்ளியது என் மச்சினன்தான், கட்டுப் போட்ட கையோடு.