டவாலி சொன்ன சட்டம்

இதுவரை அச்சான சட்டப் புத்தகம் அத்தனையும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தது. சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். முதல் புத்தகத்தின் அட்டை மட்டும் இருந்தது.

அந்த ஆள் நீதிமன்ற டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, வழக்குக்கு வந்தவர்களை வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. இருபது வருஷம் கதவோரம் நின்று காதில் விழுந்ததை வைத்துத் தெருவுக்கே சட்டம் சொன்னார். வாய்தா என்றால் வழக்கை வேறு நாளுக்குத் தள்ளுவது. ஜாமீன் என்றால் வழக்கு முடிந்து விடுதலை இல்லை. கூப்பிட்டால் வந்து நிற்பான் என்று பொறுப்பேற்று வெளியே விடுவது. இதெல்லாம் சரியாகத்தான் சொல்வார். வினையே அதில்தான். தெரியாததையும் அதே மிடுக்கோடு சொல்வார்.

அவருடைய அக்காவுக்குத் தையல் கடை. கடை இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லி அதன் சொந்தக்காரர் வழக்குப் போட்டார்.

"சம்மன் வந்தா வாங்காதேக்கா. நீ கையெழுத்துப் போடலைன்னா வழக்கே கிடையாது."

"நிஜமாவாடா?"

"பின்னே? தினம் அங்கதானே குப்பை கொட்டுறேன்."

அக்கா வாங்கவில்லை. சம்மன் கொண்டுவந்தவர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி, ஒரு நகலைக் கடைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். ஒட்டிவிட்டாலே கையில் கொடுத்த மாதிரிதான் என்பது சட்டம். அது டவாலிக்குத் தெரியாது.

சம்மனில் போட்டிருந்த நாளில் அவர் வழக்குப் பட்டியலைப் பார்த்தார். பன்னிரண்டாவதாக அக்காவின் பேர். கடைக்குப் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை.

"என்ன சட்டப்புலி, வீட்டு ஆளா?" என்றார் குமாஸ்தா, சிரிப்பை மென்றுகொண்டே.

தாழ்வாரம் முழுக்கத் தெரிந்த முகங்கள். டவாலி வாசலுக்குப் போய் நின்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. ஆனாலும் மூன்று முறை கூப்பிட்டதாகக் கணக்கு. யாரும் வரவில்லை. நீதிபதி அம்மா ஒருதரப்புத் தீர்ப்பு எழுதினார். வராதவர் பக்கத்தைக் கேட்காமலே முடித்துவிடுவது. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம் என்றார் அக்காவுக்காகப் பிடித்த வக்கீல். ஆனால் வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். இல்லையென்றால் கடை போனது போனதுதான்.

"காரணம் நான்தாங்க" என்றார் டவாலி.

மனு விசாரணைக்கு வந்த அன்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார்.

"சட்டம் எனக்குத் தெரியாதுங்கம்மா. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். அதை நம்பி அக்கா வீட்டுலயே இருந்துட்டாங்க."

காது மடல் கொதித்தது. குமாஸ்தா இப்போது சிரிக்கவில்லை. அதற்கு அவர் சிரித்தே இருக்கலாம்.

அடுத்து அக்கா ஏறினாள். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுத்தாள்.

"தம்பி சொன்னது சரியாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

அக்கா தம்பி பக்கம் திரும்பவில்லை.

"இல்லீங்கம்மா. கதவுல ஒட்டினதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. இவன் திட்டுவான்னு சொல்லாமலே அன்னைக்கு வந்தேன். மாடிப்படி ஓரமா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். எல்லார் பேரும் நல்லாக் கேட்டுச்சு. என் பேரை மட்டும் யாரும் கூப்பிடவே இல்லீங்க."