அடைக்கலம் தாமாகப் போகவில்லை

என் பெயர் மு. சிதம்பரநாதன். வயது ஐம்பது. வனச்சரகராகப் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் காலமான வேட்டை வழிகாட்டி அடைக்கலம் அவர்களைப் பற்றி, அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோக்கம் இரண்டு. ஒன்று, அவரை நினைவுகூர்வது. மற்றொன்று, அவர் கள்ள வேட்டையாடிப் பிடிபட்டவர் என்று பதினொரு ஆண்டுகளாக நிலவிவரும் பேச்சு தவறு என்பதை, உண்மை அறிந்தவன் என்ற முறையில் கூறுவது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

செய்தி வந்தபோது நான் பொன்னமராவதியில் மரம் வெட்ட ஒதுக்கிய கூப்பு ஒன்றின் பதிவேட்டைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். கீரனூரிலிருந்து வந்த வனக்காவலர் வாசலில் நின்று, "ஐயா, நம்ம அடைக்கலம் தவறிட்டாருங்க" என்றார். கையிலிருந்த பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான், எப்போது என்று கேட்டேன். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டது என்றார். அன்று மேற்கொண்டு எந்தப் பக்கத்தையும் நான் புரட்டவில்லை. களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பு அன்று தொடங்கியதன்று.

அவரை நான் முதலில் சந்தித்தது சமஸ்தானம் இணைக்கப்பட்ட மறு ஆண்டு. அதுவரை சமஸ்தானத்தின் வேட்டைக்காட்டில் தடம் பார்ப்பவராக இருந்தவர். காடு எங்கள் துறைக்கு வந்தது. காட்டோடு அவரும் வந்தார். அனுமதிச்சீட்டு பெற்று வெளியூரிலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களை, அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி ஒருவரே உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் முதல் பெயர் அடைக்கலம். நான் அப்போது வனவர். வேட்டை நாள்களில் உடனிருந்து, நேரம், எல்லை, சுடப்பட்ட விலங்கு ஆகியவற்றைப் பதிவு செய்வது என் வேலை.

முதல் நாள் காட்டு பங்களாவின் முன் நின்று, வந்திருந்தவர்களுக்கு விதிகளை உரக்க வாசித்தேன். சூரியன் மறைந்தபின்னும், அனுமதி முடிந்தபின்னும் சுடக்கூடாது. பெண்மானைச் சுடக்கூடாது. எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. அனுமதி பெற்றவரைத் தவிர வேறெவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அடைக்கலம் கைகட்டி முழுவதையும் கேட்டார். பிறகு, "அடிபட்டு ஓடுறதைப் பத்தி ஒண்ணும் வரலையேங்க?" என்றார். பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. "இல்லை" என்றேன். "அப்ப அது என் பொறுப்புங்க" என்றார். அதற்கும் விதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவருடைய வேலை துப்பாக்கி வருவதற்கு முதல் நாளே தொடங்கிவிடும். காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் நடந்து போவார். விறகுக்கு வரும் பெண்களைப் பார்த்து, "நாளையிலருந்து மூணு நாளைக்கு இங்கிட்டு வராதீங்க, ஓடைக்கு அங்கிட்டுப் போய்க்கங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அனுமதி முடிகிற நாள் காலையில் மறுபடி போய், நாளை முதல் வரலாம் என்று சொல்வார். ஒரு முறை உடன் போனேன். ஒரு பெண், "வேட்டைக்காரவுகளுக்காக நாங்க அடுப்பை அணைச்சிட்டு உக்காரணுமாக்கும்?" என்று சண்டைக்கு வந்தாள். அடைக்கலம் சிரித்தபடி, "ஆத்தா, குண்டுக்கு ஒன்னையும் தெரியாது, ஒஞ்சேலையையும் தெரியாது. மூணு நாள் பொறு" என்றார். திரும்பும் வழியில் என்னிடம், "காடு ஒங்க ஆபீசுதுங்க. ஆனா காட்டுக்குள்ள யாரு இருக்கா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

இனி, அந்தப் பேச்சுக்குக் காரணமான வேட்டை.

மதராஸிலிருந்து ஒரு கம்பெனி மேலாளர் வந்திருந்தார். ஒரு கொம்புமானுக்கும் ஒரு பன்றிக்கும் மூன்று நாள் அனுமதி. புதிய பூட்ஸ், புதிய துப்பாக்கி, சட்டையில் சென்ட். இரண்டு நாள் காரைப் புதர்களுக்கும் செம்புறாங்கல் மேடுகளுக்கும் இடையே நடந்தோம். தடங்கள் இருந்தன, விலங்குகள் இல்லை. அடைக்கலம் குனிந்து பார்த்து, "தடத்துக்குள்ள எறும்பு ஓடுது. நேத்துப் போனதுங்க" என்பார். மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னப்பா, ஒன் காட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"நெறைய இருக்குதுங்க. ஒங்க சென்ட்டு வாசம் பிடிச்சு, கல்யாணமாக்கும்னு எல்லாம் ஊருக்குள்ள போயிருக்கும்."

புதரைத் தட்டி விலங்குகளைக் கிளப்ப உடன் வந்திருந்த ஆட்கள் இருவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, சிரித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் மாலை, வெளிச்சம் போவதற்குச் சற்று முன், ஓடைக்கரையில் ஒரு பெரிய ஒற்றைப் பன்றி வெளிப்பட்டது. அடைக்கலம் கையை உயர்த்தி, "இப்ப வேணாங்க, திரும்பட்டும்" என்றார். மேலாளர் பொறுக்காமல் சுட்டார். குண்டு பின்தொடையில் பட்டது. பன்றி புதரை உடைத்துக்கொண்டு ஓடி, எல்லைக்கல்லைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் மறைந்தது. அது வேட்டைக்கு மூடப்பட்ட பகுதி. தலைச்சுமை விறகுக்கு மூடப்படாத பகுதி. நான் கடிகாரத்தைப் பார்த்து, அனுமதி முடிந்தது என்று பதிவேட்டில் எழுதினேன்.

மேலாளர் புது பூட்ஸ் கடித்து வீங்கிய காலோடு பங்களாவுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அடைக்கலம் என்னருகே வந்து நின்றார்.

"ஐயா, நாளைக்கு வரலாம்னு காலையிலதான் பொம்பளைங்ககிட்டச் சொல்லிட்டு வந்தேன். விடிஞ்சு கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க. அடிபட்ட பன்னி கெடக்குற பொதருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பப் போய் வர வேண்டாமென்று சொல்லுங்கள்."

"இந்தப் பக்கத்து ஊருகளுக்கு இப்பவே சொல்லிர்றேன். மேற்கால இருக்குற ஊருகளுக்கு யாரு போறது? அதோட எத்தனை நாளைக்கு வராதீங்கன்னு சொல்றது? பின்னங்கால்ல பட்டது சாகாதுங்க. பத்து நாளைக்கு வெறிபிடிச்சுக் கெடக்கும்."

அடிபட்டதைத் தேடிப் போய்ச் சுட எழுத்து அனுமதி பெறலாம் என்றேன். அதற்கு மேலதிகாரியின் அலுவலகத்துக்கு மனு போக வேண்டும். போய்த் திரும்ப இரண்டு நாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலாளரின் துப்பாக்கி வேண்டும், எல்லையைத் தாண்ட வேண்டும், அனுமதி முடிந்தபின் சுட வேண்டும். நான் வாசித்துக் காட்டிய விதிகளில் மூன்று. நான் சொன்னதை அப்படியே தருகிறேன். "விடிஞ்சதும் போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

விடியற்காலையில் அடைக்கலம் மேலாளரிடம் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆட்கள் இருவரோடு போனார். முதல் விறகுக்காரி அந்தப் புதரை நெருங்க ஐம்பது அடி இருக்கும்போது பன்றி வெளியே வந்ததாகவும், அடைக்கலம் குறுக்கே போய் நின்று சுட்டதாகவும் அந்த ஆட்கள் பிறகு சொன்னார்கள். ஒரே குண்டு.

அந்த நேரத்தில் பங்களா வாசலில் ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வந்திருந்தார். எல்லைக்கல் பக்கமிருந்து தோளில் துப்பாக்கியோடு அடைக்கலமும், பின்னால் கம்பில் பன்றியைக் கட்டிச் சுமந்தபடி ஆட்களும் வருவதை அவரும் நானும் ஒரே சமயத்தில் பார்த்தோம்.

"யாருய்யா ஒன்னை உள்ள போகச் சொன்னது?" என்றார் அதிகாரி.

அடைக்கலம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார், அவ்வளவே. என் கையில் பதிவேடு இருந்தது. அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகி எட்டு மாதம். வீட்டில் நான்கு பேர். இவற்றையெல்லாம் அந்த ஒரு கணத்தில் நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன், எதையும் நினைக்கவில்லை. வாய் திறக்கவில்லை என்பதே உண்மை.

"நானாத்தான் போனேனுங்க" என்றார் அடைக்கலம்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். அனுமதி முடிந்த நேரம், எல்லைக்கல்லின் எண், துப்பாக்கியின் விவரம், அடைக்கலம் திரும்பி வந்த நேரம். அதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. "சம்பவத்தின்போது நான் பங்களாவில் இருந்தேன்" என்று முடித்தேன். அதுவும் உண்மை. மேலாளர் மீது நடவடிக்கை வரவில்லை. அதன் காரணத்தை நான் ஊகிக்கப்போவதில்லை. அடைக்கலத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியதற்கான காரணமாகக் கோப்பில் இரண்டே சொற்கள்: கள்ள வேட்டை.

காட்டுக்குள் அவர் பிறகு வரவில்லை. கடலைக்காட்டுக் காவலுக்குப் போனார். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டுவது வேலை. விரட்டப் போகிற இடத்தில் ஆட்கள், "என்ன அடைக்கலம், துப்பாக்கி எங்க?" என்று கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். நான் வேறு சரகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வும் வந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, கீரனூர் பஸ் நிலையத்தில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றபோது அவரே என்னைக் கண்டு அருகில் வந்தார். "நல்லா இருக்கீங்களாய்யா?" என்றார். பல நாள் மனத்தில் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டார்.

"விடுங்கய்யா. பன்னி செத்துச்சுல்ல."

"உங்கள் வேலை போயிற்றே."

"எனக்குத் தகரம் தட்டத் தெரியும், மண்ணு வெட்டத் தெரியும். ஒங்களுக்கு எழுத மட்டுந்தானே தெரியும். வேலை போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவர் மன்னித்துவிட்டார் என்று அன்று எடுத்துக்கொண்டேன். மன்னிப்பை அவர் அளித்ததாக எந்தச் சொல்லும் இல்லை என்பதை இப்போது கவனிக்கிறேன்.

காரியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் மீனாள் என்னை அடையாளம் கண்டு, கூட்டத்திலிருந்து விலகி வந்தாள்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கப்பா திருட்டு வேட்டைக்காரருன்னு எங்க மாமியா வீட்டுல இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. அப்பாக்கிட்டக் கேட்டா, போத்தா போ, வேலையைப் பாருன்னுருவாரு. நீங்க அப்ப அங்கதான் இருந்தீங்களாம். உண்மையாங்கய்யா?"

"அரசுக் கோப்பில் இருப்பதைப் பற்றி நான் வெளியில் பேசக் கூடாதும்மா" என்றேன்.

"சரிங்கய்யா. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

குடித்தேன். குடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எது என்று கேட்டால், நற்பண்புகளின் பட்டியல் ஒன்று எழுத எனக்கு எளிது. அப்படி எழுத விரும்பவில்லை. என்னிடம் இருப்பது, பங்களா வாசலில் அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்த அந்த ஒரு மூச்சு நேரம். பதினொரு ஆண்டுகளாக அது முடியவில்லை. விதியை மீறியவர் அவர் என்றால், விதியை மீறச் சொல்லிவிட்டு விதிக்குப் பின்னால் ஒளிந்தவன் நான்.

எனக்கு இன்னும் ஐந்து ஆண்டுப் பணி இருக்கிறது. வாய்மொழி அனுமதி அளித்ததும், அதை மறைத்து அறிக்கை தந்ததும் தனித்தனிக் குற்றங்கள். அவற்றுக்கான தண்டனைப் பிரிவுகளை நான் நன்கறிவேன். ஆகவே தெரிந்தே இதை அறிவிக்கிறேன். வருகிற திங்கட்கிழமை, அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டி ஒரு வாக்குமூலத்தைக் கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் நேரில் கொடுப்பேன். அதன் நகல் ஒன்றை மீனாளின் மாமியார் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அங்குள்ளவர்கள் அனைவரும் கேட்க, நின்றபடி நானே வாசிப்பேன். அதன் முதல் வாக்கியத்தை இப்போதே எழுதிவிட்டேன்: அடைக்கலத்தைப் போகச் சொன்னவன் நான்.